நூற்றுப்பத்து வோல்ட் மோட்டாரும் நம் ஊர் மின்சாரமும்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நமது பள்ளியின் தையற்கூடத்திற்கு ஒரு பெரிய மரப்பெட்டி வந்து சேர்ந்ததைத் தையற் பிரிவு மாணவியர் அனைவரும் அறிவர். அமெரிக்காவிலுள்ள உபகாரிகள் சிலர் நம் கன்னியர் மடத்தின் மூலமாக அனுப்பி வைத்த நன்கொடை அது. பெட்டிக்குள் இரண்டு தையல் இயந்திரங்கள் இருந்தன. ஒன்று வீட்டு உபயோகத்திற்கான சிறிய இயந்திரம். அதன் மோட்டார் உடலுக்குள்ளேயே அடங்கியது. மற்றொன்று தொழிற்சாலைகளில் பயன்படும் பெரிய இயந்திரம். அதற்குத் தனி மேசையும், மேசைக்கு அடியில் தொங்கும் கனமான மோட்டாரும் உண்டு.

அவற்றில் சிறியதைக் கொன்றவள் நான்தான். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்குவது நேர்மையாகாது.

அந்த இயந்திரத்தின் பிளக்கில் இரண்டு தட்டையான பட்டைகள் இருந்தன. நம் சுவரிலுள்ள வட்டத் துளைகளில் அவை நுழையவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த மாற்றுப் பிளக் ஒன்று கிடைத்தது. அதை இடையில் செருகி, சுவிட்சைப் போட்டேன். ஊசிக்கு மேலிருந்த சின்ன பல்பு 'பட்'டென்று ஒரு வெள்ளொளி காட்டி அணைந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பல்பு பழையது போலும் என்று எண்ணிக்கொண்டு கால் மிதியை அழுத்தினேன். ஆலைச் சங்கு போல ஓர் ஓலம். பிறகு நீல நிறப் புகை. கருகிய வார்னிஷ் வாடை. தையற்கூடப் பொறுப்பாளரான சிஸ்டர் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார்கள். நடந்ததெல்லாம் அரை நிமிடம்கூட இராது.

என் தந்தையார் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழில் செய்பவர். மாலையில் சிஸ்டர் அவரை வரவழைத்தார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. இயந்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சிறு தகட்டைக் காட்டி, "இதிலே என்ன போட்டிருக்கு, வாசி" என்றார். 110 வோல்ட் என்று போட்டிருந்தது. "நீ கொடுத்தது எவ்வளவு?" "இருநூற்று முப்பது, அப்பா." "படிக்கத் தெரியாதவன் செஞ்சா பரவாயில்லை. நீ பதினொண்ணாவது படிக்கிறே" என்றார். திட்டியிருந்தால் இதைவிட நன்றாயிருந்திருக்கும்.

மாற்றுப் பிளக் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாட்டுப் பிளக்கின் வடிவத்தை மற்றொரு நாட்டுத் துளைக்கு ஏற்றதாக்குகிறது. அழுத்தத்தை அது ஒரு வோல்ட்கூட மாற்றுவதில்லை. வெளிநாட்டில் உறவினரை உடைய பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். கைப்பேசி சார்ஜர்களில் பெரும்பாலும் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு மாற்றுப் பிளக் போதும். 110 அல்லது 120 என்று மட்டும் போட்டிருக்கும் மிக்சிக்கும், தலைமுடி உலர்த்தும் கருவிக்கும், தையல் இயந்திரத்திற்கும் போதாது.

சிஸ்டர் அப்போது கேட்ட கேள்வி இதுதான்: "பெரியதையாவது காப்பாற்ற முடியுமா?" அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. நம் தையற் பிரிவில் பயின்று வெளியேறுவோரில் பலர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை தேடுகின்றனர். அங்கே கால் மிதி இயந்திரம் கிடையாது. மின்சார இயந்திரத்தில் கை பழகியிராத பெண்ணுக்கு முதல் நாள் சோதனையே தடைக்கல்லாகிவிடுகிறது. நம்மிடம் அப்படிப்பட்ட இயந்திரம் அதுவரை ஒன்றும் இல்லை.

அப்பா மேசைக்கு அடியில் படுத்து, டார்ச் விளக்கை அடித்து, மோட்டாரின் தகட்டை வாசித்தார். அரைக் குதிரைச் சக்தி, 115/230 வோல்ட், 7.2/3.6 ஆம்பியர், 60 சைக்கிள், நிமிடத்திற்கு 1725 சுற்று. "இது பிழைச்சுக்கும், சிஸ்டர்" என்றார்.

ஒரே மோட்டாரில் இரண்டு அழுத்தங்கள் எழுதப்பட்டிருப்பது எப்படி? இதை விளங்கிக் கொள்ள நாம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போக வேண்டும். குடிலின் மேல் நாம் தொங்கவிடும் பழைய பாணிச் சீரியல் செட்டில் உள்ள ஒவ்வொரு பல்பும் ஏறத்தாழ 6 வோல்ட் மட்டுமே தாங்கக்கூடியது. தனியாக ஒன்றை 230 வோல்ட்டில் இணைத்தால் அக்கணமே போய்விடும். ஆனால் முப்பத்தெட்டு, நாற்பது பல்புகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துவிட்டால், அந்த 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக் கொள்கின்றன. இதுவே தொடர் இணைப்பு. நம் வீட்டு விளக்குகளும் மின்விசிறிகளும் இணைக்கப்பட்டிருப்பது பக்க இணைப்பு. அங்கே ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட்டும் கிடைக்கிறது.

அந்தப் பெரிய மோட்டாரின் உள்ளே முதன்மைக் கம்பிச் சுருள் ஒன்றல்ல, சரிபாதியான இரண்டு. ஒவ்வொரு பாதியும் 115 வோல்ட்டுக்காகச் சுற்றப்பட்டது. இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மோட்டார் 115 வோல்ட்டில் ஓடும். அவற்றையே தொடர் இணைப்பில் சேர்த்தால் 230 வோல்ட்டில் ஓடும். எப்படி இணைத்தாலும் ஒவ்வொரு பாதிச் சுருளும் காண்பது தனக்குரிய 115 வோல்ட்டைத்தான். மோட்டாருக்குள் எதுவும் மாறுவதில்லை; வெளியே முடிச்சுகள்தாம் மாறுகின்றன. மின்னோட்டம் 7.2 ஆம்பியரிலிருந்து 3.6 ஆம்பியராகக் குறைவதைப் பார்த்து, மின்கட்டணமும் பாதியாகுமோ என்று நம் தலைமையாசிரியை அவர்கள் ஆவலுடன் கேட்டார்கள். ஆகாது. 115-ஐ 7.2-ஆல் பெருக்கினாலும், 230-ஐ 3.6-ஆல் பெருக்கினாலும் விடை ஒன்றே.

அமெரிக்காவில் செய்த மோட்டாருக்கு 230 வோல்ட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தாமஸ் எடிசன் 1882-இல் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது, தம்முடைய பல்புகளுக்கு ஏற்றபடி ஏறத்தாழ 110 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் தாமிரக் கம்பிச் செலவைக் குறைக்க அவர் கண்ட வழி மூன்று கம்பி முறை. நடுக் கம்பிக்கும் ஓரக் கம்பிக்கும் இடையே 110; இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் இடையே 220. மின்சாரம் மாறுதிசையாகிவிட்ட பிறகும் அம்முறை அங்கே நிலைத்துவிட்டது. இன்றும் அமெரிக்க வீடுகளில் விளக்குக்கு 120 வோல்ட்டும், பெரிய அடுப்புக்கு 240 வோல்ட்டும் வருகின்றன. ஆகவே மோட்டார் செய்வோர் இரண்டுக்கும் பொருந்துமாறு செய்துவிடுகின்றனர். ஐரோப்பாவிலோ, பெர்லின் நகர மின் நிறுவனம் 1899-இல் 220 வோல்ட்டுக்கு மாறியது. மற்றவர்களும் அவ்வழியே சென்றனர். நம் 230 வோல்ட் அந்த ஐரோப்பிய வழியைச் சேர்ந்தது. ஜப்பான் நாட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1895-இல் டோக்கியோ நகரம் ஜெர்மானிய இயந்திரங்களையும், 1896-இல் ஒசாகா நகரம் அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கின. அதன் பலனாக ஒரே நாட்டில் கிழக்கே 50 சைக்கிளும் மேற்கே 60 சைக்கிளும் இன்றளவும் நடக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். மோட்டாரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் ஆறு கம்பி நுனிகள் தெரிந்தன. மூடியின் உட்புறத்தில் இணைப்புப் படம் ஒட்டியிருந்தது. நீலமும் வெள்ளையும் ஒரு பாதிச் சுருளின் இரு முனைகள். ஆரஞ்சும் மஞ்சளும் மறுபாதியின் முனைகள். கறுப்பும் சிவப்பும் துவக்கச் சுருளின் முனைகள். வந்தபோது அது 115 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருந்தது. 230-க்கு மாற்ற, வெள்ளையையும் ஆரஞ்சையும் ஒன்றாக முடிந்து, நீலத்தை ஒரு மின்கம்பியிலும் மஞ்சளை மற்றொரு மின்கம்பியிலும் சேர்க்க வேண்டும். எல்லா மோட்டாருக்கும் இதே நிறங்கள் என்று நம்பிவிடக் கூடாது. அந்தந்த மோட்டாரின் படமே பிரமாணம்.

துவக்கச் சுருளில்தான் பலர் தவறுவதாக அப்பா சொன்னார். ஒற்றைக் கட்ட மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது; அதைத் தள்ளிவிட ஒரு துணைச் சுருள் தேவை. முக்கால் வேகம் வந்ததும் உள்ளே ஒரு விசைப்பொறி 'டக்'கென்று விலகி அச்சுருளை வெட்டிவிடும். இந்தத் துணைச் சுருள் இரண்டு பாதிகளாக இல்லை. அது 115 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனது. அதை நேரே 230-இன் குறுக்கே இணைத்தால், அந்தச் சின்ன இயந்திரத்திற்கு நேர்ந்த கதிதான். ஆகவே அதன் ஒரு முனையை (எங்கள் மோட்டாரில் சிவப்பு) வெள்ளையும் ஆரஞ்சும் சேரும் நடு முடிச்சில் சேர்த்து, மற்ற முனையை மஞ்சளுடன் சேர்க்க வேண்டும். அப்போது அதற்குப் பாதி அழுத்தமே கிட்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் அப்பா நேராக மின்சாரம் கொடுக்கவில்லை. தம்முடைய பட்டறையிலிருந்து கொண்டு வந்த சீரீஸ் போர்டை எடுத்தார். அது ஒரு பலகையில் பொருத்திய 200 வாட் பல்பு. மின்சாரம் அதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகும். பாதிச் சுருள் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மோட்டார் சுழலாமல் உறுமும். பெருமளவு மின்னோட்டம் பாயும். அப்போது பல்பு முழு வெளிச்சத்துடன் எரியுமே தவிர மோட்டாருக்குச் சேதமில்லை. ஆகவே வேலை தொடங்குமுன், முதன்மைச் சுருள்களை மட்டும் இணைத்து, கையால் கப்பியைச் சுழற்றிவிட்டுப் பார்த்தார். மோட்டார் மெல்லச் சுழன்றது. பிறகே முழு மின்சாரம்.

மோட்டார் ஓடியது. தையற்கூடத்தில் கைதட்டினோம். அப்பா மட்டும் கைதட்டவில்லை. மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு துணிகூடத் தைக்காமல், வெறுமனே ஓடிய கால் மணி நேரத்தில் அது தொட முடியாத அளவு சுட்டது. மின்னோட்டத்தை அளந்தபோது 3.8 ஆம்பியர் காட்டியது. சும்மா ஓடும்போதே தகட்டிலுள்ள முழுப் பாரத்து அளவைத் தாண்டிவிட்டது.

இதற்குக் காரணம் வோல்ட் அல்ல, சைக்கிள். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை திசை மாறிச் சுற்றி வருகிறது. நம்முடையது 50 முறை. அலை மெதுவாக மாறினால், ஒவ்வொரு அலையிலும் சுருள் தன் இரும்பை அதிக நேரம் காந்தமாக்குகிறது. அதே 230 வோல்ட்டில், 60-க்குச் செய்த மோட்டாரை 50-இல் ஓட்டினால் அதன் இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு அதிகக் காந்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஈரம் நிறைந்த பஞ்சில் மேலும் தண்ணீர் ஊற்றுவது போல, இரும்பு அதை எளிதில் ஏற்பதில்லை. மின்னோட்டம் மட்டும் வீணாக ஏறிச் சூடாகிறது. கம்பி நிறங்களை எப்படி மாற்றி முடிந்தாலும் இந்தக் குறை தீராது. உண்மையில், 230 வோல்ட்டுக்கு மாற்றியாயிற்று என்று நாங்கள் மகிழ்ந்திருந்த அந்த நேரத்தில்தான் இரண்டாவது மோட்டாரும் போகவிருந்தது.

மருந்து எளியது. அதிர்வெண் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்தால் அழுத்தத்தையும் ஆறில் ஐந்து பங்காகக் குறைத்துவிட வேண்டும். 230-இல் ஆறில் ஐந்து ஏறத்தாழ 192. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி, "டயோடு ஒன்று போட்டால் அழுத்தம் குறையுமே" என்றாள். அலையின் ஒரு பாதியை வெட்டினால் அழுத்தத்தின் பயன் மதிப்பு ஏறத்தாழ 163 ஆகும். அதோடு மின்சாரம் ஒரே திசையில் மட்டும் பாய்வதால் இவ்வகை மோட்டார் சுழல்வதற்குப் பதிலாகச் சுட்டே சாகும். அப்பா ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் சுற்றித் தந்தார். அதில் ஒரே சுருள்தான். 230 வோல்ட் முழுச் சுருளுக்கும் போகிறது. இடையில் ஓரிடத்தில் 190 வோல்ட்டுக்கு ஒரு கம்பி எடுக்கப்படுகிறது.

எப்படியும் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றால், 115 வோல்ட்டுக்கே இறக்கி மோட்டாரைத் தொடாமல் விட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கு அப்பா சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. முழு மோட்டாரையும் தாங்கும் சாதாரண டிரான்ஸ்பார்மர் என்றால் ஒரு கிலோவாட் அளவுக்குச் செய்ய வேண்டும். துவங்கும் கணத்தில் மோட்டார் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால் அதிலும் கஞ்சத்தனம் கூடாது. அது இருவர் தூக்கும் பாரம். இந்த ஆட்டோ டிரான்ஸ்பார்மரோ இடையிலுள்ள 40 வோல்ட் வித்தியாசத்தை மட்டும் மாற்றுகிறது. 40 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் 160 தான். ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

இப்போது சும்மா ஓடும்போது மின்னோட்டம் இரண்டரை ஆம்பியர். மதியம் முழுதும் தைத்த பிறகும் மோட்டாரின் மேல் கை வைக்க முடிகிறது. வேகம் மட்டும் நிமிடத்திற்கு 1725-இலிருந்து ஏறத்தாழ 1425 சுற்றாகக் குறைந்துவிட்டது. அது அதிர்வெண்ணைப் பொறுத்தது, டிரான்ஸ்பார்மரால் கூட்ட முடியாது. பழைய வேகம் வேண்டுமானால் கப்பியை ஐந்தில் ஒரு பங்கு பெரியதாக மாற்றலாம். சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு இந்த வேகமே அதிகமாம்! ஒரு சங்கடம் மட்டும் மீதியிருக்கிறது. துவக்கச் சுருளை வெட்டிவிடும் விசைப்பொறி அமெரிக்க வேகத்துக்கு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 1350 சுற்றில்தான் விலகும். நம் மோட்டார் எட்டுவதே 1425. மாலை நேரங்களில் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டால் அந்த வேகம் வராமல், துவக்கச் சுருள் மின்சாரத்திலேயே நின்றுவிடக்கூடும். ஆகையால், சுவிட்ச் போட்டவுடன் 'டக்' என்ற ஓசை கேட்காவிட்டால் உடனே அணைக்க வேண்டும் என்பது தையற்கூடத்தின் சட்டம். இதைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

சிறிய இயந்திரத்தின் மோட்டார் வேறு இனம். அதில் கார்பன் பிரஷ்களும் கம்யூட்டேட்டரும் உண்டு. அது 50, 60 என்ற வேற்றுமை பாராது. ஆனால் அதற்குப் பாதிச் சுருள்கள் இல்லை, முடிச்சு மாற்றித் தப்பிக்க வழியும் இல்லை. மிதியை அழுத்துமுன் 115 வோல்ட்டுக்கு இறக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்திருந்தால் போதும். இதே போல் இரண்டு இயந்திரங்கள் இருந்தால் சீரியல் செட் போலக் கோத்துவிடலாமே என்று எண்ண வேண்டாம். ஒருத்தி கனத்த துணி தைக்க, மற்றவள் சும்மா ஓட்டினால், சும்மா ஓடுவது பெரும்பங்கு அழுத்தத்தை வாரிக்கொண்டு கட்டுக்கடங்காமல் பறக்கும். ஒருத்தி காலை எடுத்தால் இரண்டும் நிற்கும். பல்புகள் ஒன்று போல் உழைக்கின்றன, தையற்காரிகள் அப்படியல்லர்.

கருகியதைத் திரும்பக் கட்ட முடியாதா என்று கேட்டேன். 230 வோல்ட்டுக்குக் கட்ட, சுற்று எண்ணிக்கை இருமடங்காக வேண்டும். அவ்வளவும் அதே இடத்தில் அடங்க, கம்பியின் குறுக்குப் பரப்பு பாதியாக வேண்டும். ஆர்மேச்சரின் ஒவ்வொரு சிறு பள்ளத்திலும், மயிரிழை போன்ற கம்பியில், ஒவ்வொரு நுனியையும் கம்யூட்டேட்டரில் தனித்தனியே பற்றவைத்து இதைச் செய்யும் கூலி, நம் கடைகளில் கிடைக்கும் புதிய 230 வோல்ட் தையல் மோட்டாரின் விலையைத் தாண்டிவிடும். எனவே அப்படியொரு மோட்டாரை வாங்கி, ஒரு பட்டை இரும்பு கொண்டு இயந்திரத்தின் பின்புறம் பொருத்தினோம். கால் மிதியையும் பல்பையும்கூட மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான செலவை நான் கொடுக்க முன்வந்தபோது சிஸ்டர் ஏற்கவில்லை. பதிலாக, தையற்கூடத்திலுள்ள எல்லா மின் கருவிகளின் தகடுகளையும் வாசித்து, ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். பதினேழு கருவிகள். அவற்றில் இரண்டின் தகடு காணவில்லை. அவற்றை அப்பா வந்து பார்க்கும்வரை பூட்டி வைத்திருக்கிறோம்.

கருகிய ஆர்மேச்சர் இப்போது இயற்பியல் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் வார்னிஷ் வாடை இன்னும் வருகிறது.